எதை விடச் சொன்னார்?

எதை விட? விமான விபத்து விசாரணைக் குழுவின் தலைவர் கேட்டது அவ்வளவுதான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "லீவ் வாட், கார்ப்பரல்?" என்றார். பக்கத்திலிருந்த இரண்டு அதிகாரிகளும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேவசகாயத்தின் வாயைப் பார்த்தார்கள். "விடுப்பா, பாத்துக்கலாம்" என்பதற்கு அவன் அப்போதுதான் தன் ஆயுளிலேயே கஷ்டமான மொழிபெயர்ப்பை முடித்திருந்தான்: "லீவ் இட், வீ வில் ஸீ." முடித்த கையோடு இந்தக் கேள்வி. எதை விட என்று தமிழில் எவன் கேட்டிருக்கிறான்? விடுப்பா என்றால் விடுப்பாதான். அவன் விழித்த விழியைப் பார்த்துத் தலைவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். தேநீர் குடித்துவிட்டுத் தொடரலாம், அதற்குள் யோசித்து ஒரே ஒரு வாக்கியமாகக் கொண்டு வா என்று வெளியே அனுப்பிவிட்டார். இப்போது தேவசகாயம் வராந்தா பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பெஞ்சின் மறு கோடியில், இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டுப் போட்டுக்கொண்டு கேடட் நாச்சிமுத்து. எதிரே வெயில், வெயிலுக்கு அப்பால் ஓடுபாதை, அதற்கும் அப்பால் ஒரு சோளக்காடு, அதன் நடுவில் கருகிப்போன ஒரு துண்டு நிலம். அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் அவன் வந்ததிலிருந்து வராந்தாத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூணில் எறும்பு போகிறது. ஒரே வாக்கியம்.

ஒரே வாக்கியம் என்றால் என்ன வாக்கியம்? "கையை விடு, விமானத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் இந்தப் பையன் பிழைப்பான். உத்தரவு வந்தது, கையை விட்டான், அதற்கப்புறம் விமானம் ஆசிரியர் பொறுப்பு. பயிற்சி ஆசிரியர் பாண்டியன் சார் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பிடிக்காமல் போனார் என்று ஆகும். செத்தவர் தலையில் எழுதிவிடலாம், செத்தவர் வந்து மறுக்கப்போவதில்லை. "கவலையை விடு, போகப்போகச் சரியாகும்" என்று எழுதிக் கொடுத்தால் பாண்டியன் சார் பிழைப்பார், அதாவது அவர் பெயர் பிழைக்கும். ஆசிரியர் ஆறுதல் சொன்னார், முட்டாள் மாணவன் நடுவானத்தில் கையை எடுத்துவிட்டான். பையனை ஊருக்கு ரயிலேற்றி விடுவார்கள், இவன் ஆசிரியரைக் கொன்றவன் என்ற பெயர் இவனுக்கு முன்னால் ஊர் போய்ச் சேரும். இரண்டில் எது உண்மை? இரண்டும் உண்மை, அதுதான் தொல்லை. இங்கிலீஷில் இரண்டுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை இருந்தால் தலைவர் காலில் விழுந்தாவது அதை வாங்கிக்கொண்டு போயிருப்பான். இல்லையே. இருந்திருந்தால் வெள்ளைக்காரன் போகும்போது எங்காவது போட்டுவிட்டுப் போயிருப்பான், இந்த மஞ்சள் விமானங்களைப் போட்டுவிட்டுப் போன மாதிரி.

அந்த மஞ்சள் சனியன்கள். யுத்த காலத்தில் அவசர அவசரமாகத் தட்டிச் சேர்த்து, யுத்தம் முடிந்ததும் வேண்டாம் என்று தள்ளப்பட்டு, இங்கே வந்து இரண்டாம் தடவை பெயிண்ட் அடித்துக்கொண்டு நின்ற விமானங்கள். யுத்தத்தில் செத்தவர்களுக்காவது எதிரி என்று ஒருவன் இருந்தான். இங்கே எதிரியும் இல்லை, குண்டும் இல்லை, காலையில் இட்லி மாதிரி எதையோ தின்றுவிட்டு மேலே போகிற பிள்ளைகள் மத்தியானம் துணி மூடி வருகிறார்கள். கோடையில் ஒருவன் சுழன்று சுழன்று விழுந்தான். அதற்கு முன்னால் ஒருவனுக்குப் பெட்ரோலில் தண்ணீர். இன்னொருவன் தனக்கு நிச்சயம் பண்ணின பெண் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு மேலே தாழப் பறந்து கை காட்டப் போய்ப் புளியமரத்தில் மாட்டினான். காரணம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் எழுதினார்கள்: விமானியின் பிழை. பெட்ரோலில் தண்ணீர் கலந்து விழுந்தவனுக்கும் அதேதான், பார்த்து ஏறியிருக்க வேண்டுமாம். விமானி செத்துப்போனால் பிழை அவனோடு போய்விடுகிறது, எல்லாருக்கும் சௌகரியம். இந்தத் தடவைதான் சிக்கல். விமானிகள் இரண்டு பேர், ஒருவன் உயிரோடு வந்துவிட்டான், பிழையை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தேவசகாயம் உள்ளுக்குள் சிரித்தான், சிரித்ததற்காக உடனே வெட்கப்பட்டான்.

"தண்ணி மாதிரி இருக்குதுங்ணா," என்றான் நாச்சிமுத்து. மெஸ் ஆள் பெஞ்சின் மேல் இரண்டு கிளாஸ் தேநீர் வைத்துவிட்டுப் போயிருந்தான். கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்துப் பையன், அப்பா வாழைத் தோட்டக்காரர். அதிகாரியாகப் போகிறவன், ஒரு கார்ப்பரலை அண்ணா என்று கூப்பிடக் கூடாது. யாரும் இல்லாத இடத்தில் கூப்பிடுகிறான். ரயிலில் இரண்டு ராத்திரி வந்தாலும் ஊர் எட்டாத இந்த வறண்ட பீடபூமியில் தமிழ் பேசுகிறவனெல்லாம் சொந்தக்காரன்தான். பையன் இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவில் கிளாஸைக் கவ்வித் தூக்கப் பார்த்தான். கிளாஸ் ஆடியது. தேவசகாயம் நகர்ந்து வந்து அடியில் கை கொடுத்தான். "விடுங்க தம்பி," என்றான். பையன் விடவில்லை. அவன் கண் தேவசகாயத்தின் கை மேலே நிலைத்துவிட்டது. "நீங்க புடிச்சுட்டீங்களாங்ணா?" "புடிச்சாச்சு." "நல்லாப் புடிச்சுட்டீங்களா?" "புடிச்சாச்சு தம்பி, விடுங்க." அப்புறம்தான் மணிக்கட்டு மெதுவாகப் பிரிந்தது. தேவசகாயம் கிளாஸை அவன் வாயருகே கொண்டுபோனான். பையன் குடித்தான், குடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டான். ஒரு கிளாஸ் தேநீருக்கு இத்தனை கேள்வி. ஆகாயத்தில் ஒன்றுகூடக் கேட்கவில்லையே தம்பி என்று தொண்டை வரை வந்ததை தேவசகாயம் விழுங்கினான். கேட்கத் தெரியாமலா? விமானம் கை மாறுவதற்குச் சட்டம் இருக்கிறது. என் கட்டுப்பாட்டில் என்று ஒருவர் சொல்ல வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டில் என்று மற்றவர் சொல்ல வேண்டும், எல்லாம் இங்கிலீஷில். அது பயம் இல்லாதவனுக்கு எழுதிய சட்டம். பையன்களுக்குக் கை நடுங்கும்போது பாண்டியன் சார் தமிழுக்கு வந்துவிடுவார். இங்கிலீஷில் திட்டு, தமிழில் ஆறுதல், அதுதான் அவர் வழக்கம்.

விடுப்பா, பாத்துக்கலாம். அவர் வாயிலிருந்து அதை எத்தனை தடவை கேட்டிருப்பான். பர்மா வரை போய் நிஜமான யுத்தம் பார்த்துவிட்டு வந்த விருதுநகர்க்காரர் அவர். ஊரில் மூத்த மகன் டைபாய்டில் கிடக்கிறான் என்று தந்தி வந்து, லீவு கிடைக்காமல் தேவசகாயம் கண்ட்ரோல் கோபுரத்துப் படியில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார்: விடுப்பா, பாத்துக்கலாம். எதை விட என்று அவன் கேட்டானா? யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டானா? நாமா, அவரா, கர்த்தரா? ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே நெஞ்சு லேசானது. அதுதான் அந்த வார்த்தையின் அழகு, அதில் ஆளே கிடையாது. யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று எல்லாருக்கும் தோன்றும், ஒருத்தரும் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. லீவு கடைசி வரை கிடைக்கவில்லை. மகன் தானாகப் பிழைத்தான். அதனால் அந்த வார்த்தையின் மேல் தேவசகாயத்துக்கு ஒரு விசுவாசம் வந்திருந்தது. கோபுரத்தில் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, நடுங்குகிற ஒரு பையனிடம் அவர் அதைச் சொல்வது காதில் விழுந்தால் இவனுக்கே யாரோ முதுகில் தட்டின மாதிரி இருக்கும். பொதுவாக அந்தப் பேச்செல்லாம் கோபுரத்துக்குக் கேட்காது, விமானத்துக்குள் இருவரும் பேசிக்கொள்வது அவர்களோடு. எப்போதாவது ரேடியோப் பொத்தான் அழுந்தினபடி மாட்டிக்கொண்டால் கேட்கும். விபத்து நடந்த அன்றைக்கு மாட்டிக்கொண்டது. மாட்டிக்கொண்டால் அவர்கள் பேசுவது கீழே கேட்கும், கீழேயிருந்து கத்துவது அவர்களுக்குக் கேட்காது. கத்திப் பார்த்தான்.

வேண்டாம், அதற்குப் போகாதே. வாக்கியத்துக்கு வா. விடு. விடு என்றால் என்ன? மூச்சு விடு, கண்ணீர் விடு, ஆளை விடு, குழம்பில் தண்ணீர் விடு. ஊரில் சின்ன வயதில் கடற்கரையில் பட்டம் விடுவார்கள். பட்டம் விடு என்றால் பறக்க விடுவது. கயிற்றை விடு என்றால் பட்டம் போச்சு. வண்டி விடத் தெரியுமா என்றால் ஓட்டத் தெரியுமா என்று அர்த்தம். அப்படியென்றால் விமானத்தை விடு என்றால் ஓட்டு என்று அர்த்தமா, கையை எடு என்று அர்த்தமா? கடவுளே, தலைவரிடம் இதைச் சொன்னால் மூக்குக்கண்ணாடியை மறுபடி கழற்றிவிடுவார். ஒரே வாக்கியம். பெற்ற தாயிடம் கற்ற பாஷை, ஒரு வார்த்தையை நம்பி இறங்க முடியவில்லை. பையனிடம் முந்தாநாள் ஆஸ்பத்திரியில் கேட்டான். "ஏன் தம்பி, சார் ஆறுதலாத்தானே சொன்னாங்க, உங்களுக்குத் தெரியலியா?" பையன் சொன்னான்: "எங்கூர்ல ஆறுதலுக்குப் போச்சாதும்பாங்கணா. எங்கப்பன் வாழை சாஞ்சாலும் போச்சாது போம்பாரு. உடுன்னா... உடுன்னா உடறதுதானுங். இப்ப நெனச்சா வெளங்குது. அப்ப ரெக்கை ஆடிக்கிட்டிருந்துதுங்ணா. பயந்துக்கிட்டு இறுக்கிப் புடிச்சிருந்தேன். அவரு உடுன்னாரு. அப்பாடான்னு உட்டுட்டேன்." அப்பாடா என்று விட்டானாம். போச்சாது, போனால் போகட்டும் என்று அவர் சொல்லியிருந்தால் பிடித்தே இருந்திருப்பான். விருதுநகர்க்காரருக்கு அந்த வார்த்தை எங்கே தெரியும்? விருதுநகருக்கும் கோபிக்கும் நடுவில் ஒருநாள் பஸ் பயணம். அந்தத் தூரத்தில் ஒரு மனுஷர் விழுந்து செத்துப்போனார்.

காதில் இன்னும் இருக்கிறது. இறங்குவதற்கு முந்தின கடைசித் திருப்பம். பையன் குரல்: "சாரிங் சார், தப்பாப் போச்சுங்." அவர் குரல், தூக்கத்தில் பேசுகிற மாதிரி நிதானமாக: "விடுப்பா, பாத்துக்கலாம்." பையன்: "உட்டுட்டனுங் சார்." அதைக் கேட்டு அவர் என்ன நினைத்திருப்பார்? கவலையை விட்டுவிட்டான், நல்ல பையன் என்றுதான் நினைத்திருப்பார். தப்பாக நினைக்க அதில் என்ன இருக்கிறது? பின்னால் உட்கார்ந்திருக்கிறவருக்கு முன்னால் இருப்பவனின் பின்மண்டைதான் தெரியும், கை தெரியாது. முன்னால் இருப்பவனுக்கு அதுகூடத் தெரியாது. இரண்டு இருக்கையிலும் விமானத்தை ஓட்ட ஆளுக்கொரு தடி, இரண்டும் கீழே ஒன்றாகக் கட்டியவை, ஒன்று அசைந்தால் மற்றது அசையும். காற்று இறக்கையை ஆட்டும், இறக்கை தடியை ஆட்டும். தடி ஆடுகிறதே, பையன் ஓட்டுகிறான் என்று அவர் நினைத்துக்கொள்வார். தடி ஆடுகிறதே, சார் ஓட்டுகிறார் என்று பையன் நினைத்துக்கொள்வான். நடுவில் ஓட்டினது காற்று. அப்புறம் அவர் முனகத் தொடங்கினார், ஏதோ ஒரு மெட்டு, வார்த்தை இல்லாமல். தேவசகாயத்துக்குத் தெரியும், தான் ஓட்டும்போது பாண்டியன் சார் மூச்சுக்கூடச் சத்தமாக விடமாட்டார். பையன் ஒழுங்காக ஓட்டுகிறான் என்று நம்பினால்தான் முனகுவார். அந்த முனகலைக் கேட்டபோதுதான் இவனுக்கு விளங்கியது. ஒருத்தரும் பிடித்திருக்கவில்லை. இந்த உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் தேவசகாயம், கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கேட்காத மைக்கைப் பிடித்துக்கொண்டு, சார் பிடிங்க, சார் பிடிங்க, தடியைப் பிடிங்க என்று. இறக்கை மெல்லச் சாய்ந்தது, அவசரமே இல்லாமல். மெட்டு பாதியில் நின்றது.

"அண்ணா, அக்காவைப் பாத்தீங்களா?" என்றான் பையன். தேவசகாயம் திடுக்கிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தான். பாண்டியன் சாரின் மனைவி கமலவேணியக்கா. பார்த்தான். அடக்கம் முடிந்த மறுநாள் அவளே குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்து நின்றாள், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "கடைசியா என்ன பேசினாரு, தேவசகாயம்? எனக்கு மட்டும் சொல்லு." சொன்னான். சொன்னதும் அவள் சிரித்தாள், உண்மையாகவே சிரித்தாள், சிரித்தபடியே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். "அதேதானா? எனக்கு ரெண்டு தடவை கலைஞ்சப்பவும் அதேதான் சொன்னாரு. பாவி மனுஷன். சாவுற நேரத்துலயும் ஒரு புள்ளைக்கு ஆறுதல் சொல்லிட்டுத்தான் போயிருக்காரு." அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடுகிறாள். அவர் சொன்னது ஆறுதல் அல்ல, உத்தரவு, உத்தரவு போட்டுவிட்டுச் செய்ய மறந்த ஆள் என்று தேவசகாயம் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினால்தான் இந்தப் பையன் பிழைப்பான். இருக்கைப் பட்டை அறுந்து சோளத்துக்குள் தூக்கி எறியப்பட்டவன், ஓடிப்போயிருக்கலாம். எரிகிறதுக்குள் திரும்பக் கையை விட்டு அவரைத் தோளோடு பிடித்து இழுத்திருக்கிறான். ஆட்கள் போய்ச் சேர்ந்தபோதும் விடவில்லையாம், விரலைப் பிரித்துத்தான் எடுத்தார்களாம். கை விட்டவன் என்று இவனை எழுதுவதா? "பாத்தேன் தம்பி," என்றான் தேவசகாயம். "என்னையத் திட்டுனாங்களாங்ணா?" "இல்ல." "திட்டியிருக்கலாம்," என்றான் பையன்.

இரண்டையும் சொல்லிவிடுவது. அதுதான் முடிவு. அந்த முடிவுக்கு வந்ததும் தேவசகாயத்துக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. சார், இந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம், சொன்னவர் ஒன்றைச் சொன்னார், கேட்டவன் மற்றதைக் கேட்டான், இரண்டு பேர் மேலும் பிழை இல்லை, பிழை வார்த்தையில் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே பாஷைக்காரர்கள் என்பதால் வந்த பிழை, வேறு வேறு பாஷையாக இருந்தால் இங்கிலீஷில் சொல்லித் தொலைத்திருப்பார்கள், ஒருவரும் செத்திருக்கமாட்டார்கள். இங்கிலீஷில் மனதுக்குள் அடுக்கிப் பார்த்தான். மூன்றாவது வாக்கியத்தில் இலக்கணம் இடறியது, மறுபடி முதலிலிருந்து அடுக்கினான். வராந்தாவில் சிப்பாய் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். தேவசகாயம் எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டான். "அண்ணா," என்றான் பையன். "எல்லாத்தையும் சொல்லுதேன் தம்பி. ஒண்ணு விடாமச் சொல்லுதேன்," என்றான் தேவசகாயம். சொல்லும்போதே அந்த வார்த்தை வாயில் வந்துவிட்டதை அவன் கவனித்தான்.

உள்ளே மின்விசிறி சுற்றியது. தலைவர் முகத்தில் தேநீர் குடித்த களை இருந்தது, நல்ல மனிதர், முந்தின விசாரணைகளில் அழுத பெற்றோருக்கு நாற்காலி போடச் சொன்னவர். "சொல்லு கார்ப்பரல். எதை விடச் சொன்னார்?" தேவசகாயம் சொல்லத் தொடங்கினான். இந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் சார். முதல் வாக்கியம் நன்றாக வந்தது. இரண்டாவதில் பட்டம் எப்படியோ உள்ளே வந்துவிட்டது. மூன்றாவதில், பயந்த இடத்திலேயே, இடறினான். ஒருத்தரும் பிடித்திருக்கவில்லை சார் என்றான், யாரை என்று ஒரு அதிகாரி கேட்டார், முனகல் சார் என்றான், என்ன முனகல் என்று மற்றவர் கேட்டார், அப்படியானால் விமானத்தில் வட்டார மொழி பேசினார்களா, வழக்கமாகவா, யார் அனுமதித்தது என்று முதலாமவர் கேட்டார். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. கோபிச்செட்டிப்பாளையம் என்றான். அந்தப் பெயரை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பேனாக்கள் நின்றன. தலைவர் கையை உயர்த்தினார். இவன் தவிப்பதைக் காண அவருக்குச் சகிக்கவில்லை, முகத்தில் அது அப்படியே தெரிந்தது. மிருதுவாக, ஒரு தகப்பனைப் போல, தேவசகாயம் காலையில் கொடுத்த அதே இங்கிலீஷை அவனுக்கே திருப்பிக் கொடுத்தார். "லீவ் இட், கார்ப்பரல். வீ வில் ஸீ."

எதை விட சார்? கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. காலை முழுக்க அவனைக் குடைந்த கேள்வி, கேட்பதற்கு எல்லா நியாயமும் இருந்த கேள்வி. யார் பார்த்துக்கொள்வார்கள் சார்? ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததுமே உடம்பு தளர்ந்துவிட்டது, தோள் இறங்கிவிட்டது, படியில் உட்கார்ந்திருந்த அன்றைக்கு லேசான மாதிரியே நெஞ்சு லேசாகிவிட்டது. அப்பாடா என்று இருந்தது. சல்யூட் அடித்தான். திரும்பி நடந்தான். அவன் வாசலைத் தாண்டுவதற்குள் பின்னால் தலைவரின் குரல் தட்டச்சுக்காரனுக்குச் சொல்லத் தொடங்கியிருந்தது, ஒரு மாதத்துக் கூட்டத்தை முடித்து வைக்கிற நிம்மதியோடு: பயிற்சி மாணவன், உத்தரவு ஏதுமின்றி, விமானத்தின் கட்டுப்பாட்டைக் கைவிட்டதே. தட்டச்சு இயந்திரம் சடசடத்தது. விமானியின் பிழை. தேவசகாயம் நின்றான். திரும்பிப் போய்க் கதவைத் தட்டலாம். கை கதவு வரை போயிற்று என்றுகூடச் சொல்லலாம். தட்டவில்லை.

நாச்சிமுத்து எழுந்து நின்றுகொண்டிருந்தான், கட்டுப்போட்ட கைகளை மார்போடு தூக்கிப் பிடித்தபடி. "சொல்லிப்போட்டீங்களாங்ணா?" என்று கேட்டான். சொல்ல வேறு ஏதாவது வார்த்தை இருக்கிறதா என்று தேவசகாயம் தனக்குள் தேடினான். போச்சாது என்று சொல்லிப் பார்க்கலாம், அது இவன் ஊர் வார்த்தை, அதை எந்த ராகத்தில் சொல்வது என்று இவனுக்குத் தெரியாது. வாயில் வந்தது ஒன்றுதான். "விடுங்க தம்பி," என்றான். "பாத்துக்கலாம்." பையன் எந்த அர்த்தத்தில் என்று கேட்கிறவனைப் போல இவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், கைகள் அப்படியே மார்போடு இருந்தன. தலைக்கு மேலே இரைச்சல் கேட்டு இருவரும் அண்ணாந்தார்கள். மத்தியானப் பயிற்சி தொடங்கிவிட்டது. மஞ்சள் விமானம் ஒன்று கடைசித் திருப்பத்தில் இறங்கி வந்துகொண்டிருந்தது, முன்னால் ஒரு தலை, பின்னால் ஒரு தலை. யார் கையில் இருக்கிறது என்று கீழேயிருந்து தெரியவில்லை.